எந்த மயக்கம்?

ஆவடியில் எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆலோசனை சொல்லாதவரும் யாரும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரியில் படித்த என் மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, என் மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்த நேரம் அது.

எதிர்வீட்டுக்காரர் என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர். தினமும் வாசலில் மறிப்பார்.

"முதுவுல மட்டும் ஊசி போட வுடாத மச்சான். எங்க ஊட்டுக்காரிக்கு ரெண்டாவது புள்ளைக்குப் போட்டானுங்க. இன்னிக்கி வரிக்கும் இடுப்பப் புடிச்சிகினுதான் கீறா."

"அத டாக்டர் பாத்துப்பாங்க."

"டாக்டர் இடுப்பா வலிக்கப் போவுது?"

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வார்டுக்கு வந்தார். என்னைவிட இளையவர், பொறுமையான அம்மா. மகளின் நாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இவளுக்கு முன்னாடி எப்பவாவது மயக்கம் குடுத்திருக்காங்களா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்து என் மனைவி முந்திக்கொண்டாள். "டயாலிசிஸ் பண்ற அன்னிக்கெல்லாம் மயக்கம்தான் மேடம்."

டாக்டர் நிமிர்ந்தார். "டயாலிசிஸுக்கு மயக்கமா? யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல மேடம். அதுவா வருது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அவங்க கேக்கறது மருந்தும்மா! உனக்கு எதுக்கு இப்ப..."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டாக்டர். "நீங்க சொல்லுங்கம்மா. எப்படி வரும்?"

"எழுந்து நின்னாலே கண்ணு இருட்டிடும். வீட்டுக்குத் திரும்பற ரயில்ல என் மடியிலதான் சாஞ்சிருப்பா. வண்டி அம்பத்தூர் தாண்டினாத்தான் தலையத் தூக்குவா."

மகள் தலையாட்டினாள். அவளும் எங்களிடம் இதைப் பெரிதாகச் சொன்னதில்லை. டயாலிசிஸ் குறிப்புச் சீட்டில், படுத்திருக்கும்போது எடுத்த பிரஷர் மட்டும்தான் எழுதியிருந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைக்கலாம்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா அதுல பிரஷர் சட்டுனு எறங்கலாம். இவளுக்குத் தானாவே எறங்குது. புதுக் கிட்னியில ரத்தம் பாயற நேரத்துல பிரஷர் எறங்கினா அது வேலை செய்யத் தடுமாறும். முழு மயக்கமே குடுத்துடறேன். மருந்தும் கிட்னி வழியா வெளியேற வேண்டாததா பாத்துக் குடுக்கறேன்."

முதுகில் ஊசி இல்லை என்ற செய்தி எப்படியோ ஆவடிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் காபி பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"நான் சொன்னேன்ல மச்சான்?"

"காரணம் வேற. இடுப்பு வலி இல்ல."

"காரணம் இன்னாவா இருந்தா இன்னா? சொன்னது யாரு?"

மனைவி ஒரு ஆபரேஷன் தியேட்டரில், மகள் அடுத்ததில். நடைபாதை பெஞ்சில் நானும், வாய் ஓயாத இந்த மனிதரும். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன். அவரும் பிளாஸ்க்கோடு வந்தார்.

கடைசியில் டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டே வெளியே வந்தார். "அம்மா நல்லா இருக்காங்க. பொண்ணுக்குத் தையல் முடியறதுக்குள்ளயே புதுக் கிட்னியில யூரின் வந்துடுச்சு சார். பிரஷர் எறங்கவே இல்ல."

"இன்னாவாம்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மூத்திரம் வந்துடுச்சாம்."

"பாத்தியா! முதுவுல போட்டிருந்தா வந்திருக்குமா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டாமல் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் ஊற்றிக் கொடுத்திருந்த காபி எங்கள் சட்டையெல்லாம் கொட்டியது.

மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இன்றும் அவள் போனில் "லேசா மயக்கமா இருக்குப்பா" என்றால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. எந்த மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதா எழுந்தபோதா, சரியாகச் சொல்லித் தொலை என்று கத்துகிறேன்.