ஞானஸ்நானம் வாங்காத கட்டைவிரல்

கேக் மாஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். கிரீம் பூசி முடித்ததும் கட்டைவிரலில் ஒட்டியிருப்பதை நக்கிவிடுவார். பிறகு ஒழுங்காகக் கையைக் கழுவிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. மீசை முளைத்த நாளிலிருந்து பேக்கரி வேலை. விரல் அவரைக் கேட்காமலே வாய்க்குப் போய்ப் பழகிவிட்டது.

அப்படிப்பட்டவர் ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலம் முழுக்க இனிப்பைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். முதல் நாள் காலையிலேயே விரல் வாய்க்குள் இருந்தது.

பதறியடித்துப் பங்குச்சாமியாரிடம் ஓடினார். "ஃபாதர், எனக்குத்தான் ஞானஸ்நானம் குடுத்தாங்க. இந்தக் கட்டைவிரலை விட்டுட்டாங்க போல."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க. அது போதும்."

மாஸ்டருக்குச் சப்பென்றாகிவிட்டது. அவ்வளவு பதறிக் கொண்டுவந்த பாவத்துக்கு இவ்வளவுதானா? மனம் ஆறாமல், தண்டனையைத் தானே போட்டுக்கொண்டார். விரல் ஒரு தடவை வாய்க்குப் போனால், ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் கூடுதல் விரதம்.

விரலுக்கு இந்தச் சட்டம் புரியவில்லை. நாள் ஏறிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, ருசி பார்க்கும் வேலையை மனைவியிடம் ஒப்படைத்தார். அந்த அம்மாவோ ஒவ்வொரு தடவையும் கரண்டியை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுங்க" என்பார்.

ஈஸ்டர் வந்தது. ஊரே விருந்து சாப்பிட்டது. மாஸ்டர் ஒரு மூலையில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவர் உயிர்த்துட்டாரு மாஸ்டர்!" என்று யாராவது கை கொடுத்தால், "அவரு நல்லவரு, சீக்கிரம் வந்துட்டாரு. எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்பார்.

அந்தக் கூடுதல் நாள்களுக்குள்தான் மகளின் கல்யாணமும் வந்தது.

"மொதல் துண்டு உங்களுக்குத்தான்பா ஊட்டுவேன்" என்றாள் மகள்.

"அப்பாவுக்குத் தவக்காலம்மா."

"ஊருக்கெல்லாம் முடிஞ்சு போச்சே! நீங்க வாயைத் திறக்கலன்னா நானும் திறக்க மாட்டேன். மாப்பிள்ளை ஊட்டினாலும் சரி."

சொன்னபடியே மண்டபத்தில் அப்பா செய்த கேக்கை வெட்டி, முதல் துண்டோடு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு சாமியாரைப் பார்த்தார். மகளின் கண் கலங்கிவிட்டது.

சாமியார் பக்கத்தில் வந்தார். "மாஸ்டர், ஆண்டவரே மூணாம் நாள் கல்லறையை விட்டு வெளிய வந்துட்டாரு. நீங்க மட்டும் ஏன் இன்னும் உள்ளயே உக்காந்திருக்கீங்க?"

"தண்டனை பாக்கி இருக்கே ஃபாதர்."

"அதையும் வாங்கிக்கிட்டுதானே அவரு உள்ள போனாரு? உங்களுக்குன்னு தனியா மிச்சம் வெச்சிட்டா போனாரு?"

மாஸ்டர் மகளின் கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

ஒரு கடி, இரண்டு கடி. முகம் கோணிக்கொண்டு போனது.

"ஐயய்யோ! என்ன இது, தித்திப்பு தொண்டையை அடைக்குது!"

"எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் மனைவி.

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னான். "ரொம்ப நாளா உங்க கேக் இப்படித்தான் இருக்கு மாமா."

"அப்ப ஏன்பா ஒருத்தரும் சொல்லல?"

"விரதம் இருக்கிற மனுஷனாச்சே, மனசை நோகடிப்பானேன்னு எல்லாரும் பேசாம தின்னுட்டோம்."

மாஸ்டர் வாயில் கேக்கோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நான்தான் தவம் பண்றேன்னு மிதப்புல இருந்தேன். எனக்காக ஊரே பண்ணியிருக்கு!"

பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். மகளின் கையில் அப்பியிருந்த கிரீமைத் துடைத்தார். கட்டைவிரல் வழக்கம்போல வாயை நோக்கிக் கிளம்பியது. மண்டபமே பார்த்தது.

"இதுக்கு எத்தனை நாள் கூட்டப் போறீங்க?" என்றார் மனைவி.

"ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னிக்குத்தான் ஈஸ்டர்" என்று சொல்லி விரலை நக்கிய மாஸ்டர், முகத்தைச் சுளித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "இனிமே நானே ருசி பாத்துக்கறேன், தாயே!"