பூவம்மாள் கையில் கத்தரி

பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவின் தங்கை பூவம்மாள், சென்னையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் பாதி ஆயுளைக் கழித்தவள். நோய் தெளிந்து வெகுகாலம் ஆகியும் அழைத்துப்போக ஆள் வரவில்லை. அதனால் அங்கே தையல் கூடத்திலேயே இருந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் அங்கே கத்தரியைச் சங்கிலி போட்டு மேசையோடு பூட்டியிருப்பார்களாம். ஊசியை நர்ஸம்மா எண்ணிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்குவாராம். போகப் போக அந்தக் கத்தரிச் சாவியே பூவம்மாள் இடுப்புக்கு வந்துவிட்டது. டாக்டரம்மாவின் ரவிக்கைகூட அவள் வெட்டியதுதான்.

போன தை மாதம் துரைக்கண்ணு போய் அழைத்து வந்தார். அன்றைக்கே அவர் மனைவி பிரபாவதி அரிவாள்மணையை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். கத்தரி பீரோவுக்குள் போனது. மூலையில் கிடந்த கால்மிஷினில் பூவம்மாள் கிழிசல் தைக்கலாம், எதையும் வெட்டக் கூடாது. நூலைக்கூடப் பல்லால் கடித்தே அறுத்தாள்.

"கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போவுதுண்ணா. கத்தரி குடுக்கலன்னா நான் அங்கயே திரும்பிப் போயிடறேன்" என்றாள் ஒருநாள்.

துரைக்கண்ணு மனைவியைப் பார்த்தார். மனைவி பீரோவைப் பார்த்தாள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. பிரபாவதிக்குக் காவடி வேண்டுதல், மஞ்சள் ரவிக்கை வேண்டும். கடைசி நேரத்தில் எந்த டெய்லரும் துணி வாங்கவில்லை.

"நான் வெட்டித் தரேன், நீ தையி" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, அளவு ரவிக்கையைத் துணிமேல் விரித்து, அதன் ஓரத்தை ஒட்டியே நறுக்கினாள்.

"அண்ணி, தையலுக்குக் கொஞ்சம் வுடணும்."

"கேட்டியாக்கா, பைத்தியம் எனக்குப் புத்தி சொல்லுது!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தைத்த ரவிக்கையில் அவள் கையே நுழையவில்லை.

மறுநாள் வேறு துணி வாங்கினாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.

"இந்தா, நீயே வெட்டு. நான் இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

"நில்லுங்க அண்ணி, அங்க நர்ஸம்மாவும் நிப்பாங்க. துணிமேல கைய மட்டும் வெக்காதீங்க, விரலு போயிடும்."

பிரபாவதி வாசல்வரை பின்வாங்கினாள். பூவம்மாள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ரவிக்கை கச்சிதமாக அமைந்தது. காவடியோடு மலையேறியவளைப் பார்த்தவர்கள் டெய்லர் யாரென்று விசாரித்தார்கள். தெருத் துணியெல்லாம் அந்த வீட்டில் வந்து குவிந்தது. கத்தரி அதற்குப் பிறகு பீரோவுக்குப் போகவில்லை.

அடுத்த மாதம் கிருத்திகையன்று சன்னதி வரிசையில் பிரபாவதி சொன்னாள்: "எங்க பூவுக்கு ஒண்ணுமே இல்லக்கா. சும்மா ஊருல கதை கட்டி வுட்டுட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே வந்து கேட்டாலும் இனிமே அனுப்ப மாட்டேன்."

"ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு முருகனைக் கும்பிட்டுக்கொண்டேன். யாருக்குப் புத்தி தெளிந்தாலும் அவன் தயவுதானே.