மிச்சம் என் தட்டுக்கு வராது

தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில் புடவை விரித்துக் காட்டுகிறேன். எங்களுக்கு லிப்ட் கிடையாது. போன வருடம் ஒரு காலையில் பாதிப் படியிலேயே முட்டி மடங்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "எடை அதிகம். சாப்பாட்டைக் குறைங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று? எதைக் குறைப்பது? இரண்டு நாள் என் வாயை நானே கவனித்தேன். மகள் கடித்துவிட்டுப் போன இட்லி. மகன் ஒதுக்கிய சோறு. வீணாகிறதே என்று மாமியார் வழித்துக் கொடுத்த உப்புமா. சட்டியில் ஒட்டிய குழம்புக்காகவே இரண்டு கரண்டி சோறு. எல்லாம் அடுப்படியில் நின்றபடியே. என் பங்கு அதற்குப் பிறகுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரூர் குப்பத்தில் வாங்கிய சங்கரா மீனைக் குழம்பு வைத்தேன். நான்கு தட்டுக்குப் பதில் ஐந்து வைத்து, எனக்கு வேண்டியதை முதலிலேயே போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.

"நீயும் குந்திக்கினா யார் போடறது?" என்றார் மாமியார்.

"சட்டி நடுவுலதான் கீது அத்தை. வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்."

மகன் வழக்கம்போல் பாதிச் சோற்றை விட்டு எழுந்தான். மாமியார் அந்தத் தட்டை என் பக்கம் தள்ளினார். "இத்த துன்னுட்டு கழுவு. சோத்த கொட்டக் கூடாது."

"வச்சவனே துன்னட்டும். என் வயிறு இன்னா குப்பத்தொட்டியா?"

கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தட்டின்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தேன். நாலு மணிக்குப் பசி வந்ததும் மகனே வந்து அதைத் தின்றான். அன்றிலிருந்து அவன் குறைவாகத்தான் போட்டுக்கொள்கிறான்.

மறுநாள் முதல் அரிசியில் ஒரு டம்ளர் குறைத்தேன். புதன்கிழமை கணவர் மூன்றாம் தடவை சோறு கேட்டபோது பானை காலி.

"இன்னாமே, அவ்ளோதானா?"

"ரெண்டு வாட்டி துன்னாச்சு. அரைமணி பொறு. அப்பவும் பசிச்சா தோசை ஊத்தறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை பிரியாணிக் கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நாள் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். அன்று அரைமணி கழித்துப் பார்த்தால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். தோசையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தாறு மாதத்தில் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடியும் ஏறுகிறேன். சோற்றைக் கணக்குப் பார்த்துப் போடுகிறவள் என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். சொல்லட்டும்.

போன மாதம் பாலவாக்கத்தில் ஒரு காதுகுத்து. போதும் என்று இலைமேல் கையை விரித்தேன். நாத்தனார் என் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி கேசரியை வைத்தார்.

"சும்மா துன்னு அண்ணி. ஒரு நாள்தான?"

"போதும்னு சொல்லிட்டேன்" என்றேன். கேசரி இலையிலேயே இருந்தது. நான் எழுந்து கை கழுவப் போனேன்.