நூல் அறுந்த ஜாடை

அந்த அம்மாவை எனக்கு இன்றும் பிடிக்காது. கோயம்புத்தூரில் பணக்காரர்கள் இருக்கும் ஆர்.எஸ்.புரத்திலிருந்து எங்கள் கருமத்தம்பட்டிக்குக் காரில் வந்து, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று தறி ஓட்டுகிற எங்களுக்குப் பாடம் எடுத்தவர்.

நானாகப் போகவில்லை. என் மகளுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்.கே.ஜி. சேர்க்கப் போனால், சனிக்கிழமை பெற்றோர் வகுப்புக்கு இரண்டு மாதம் வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் பெண்கள். பெற்றோர் என்றால் அம்மா மட்டும்தான் போலிருக்கிறது. முதல் நாளே அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுல கொழந்தைகிட்டப் பேசுவீங்களா?"

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டால் குத்தாது என்று நினைப்பு. "பேசாம பின்ன, ஊமையாட்டவா இருக்கறேனுங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சொன்னது பொய். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். இரண்டு முஷ்டியையும் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால், நூல் அறுந்துவிட்டது, தறியை உடனே நிறுத்து என்று அர்த்தம். பன்னிரண்டு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே தோன்றாது. சாப்பிடு, தூங்கு, இங்கே வா, எல்லாமே ஜாடை. தறிக்கூடத்திலேயே கிடந்து வளர்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் அத்துபடி. வாய் திறந்ததெல்லாம் திட்டுவதற்குத்தான். பேசாமல் இருப்பது திமிர் என்று நினைத்து அடித்தும் இருக்கிறேன்.

நான்காவது சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார். என் மகள் வந்ததும் வராததுமாக, அந்த அம்மாவின் நோட்டின்மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். பழக்க தோஷம், என் கை ஓங்கிவிட்டது. அவள் முஷ்டி இரண்டையும் சேர்த்து வெடுக்கென்று பிரித்தாள்.

"அது என்னங்க அம்மணி, கையில என்னமோ காட்டுது பாப்பா?"

"ஒண்ணுமில்லீங்க. வெளையாட்டு" என்றேன்.

பக்கத்தில் இருந்தவளும் தறிக்காரிதான். சும்மா இருக்கவில்லை. "நூல் அறுந்துபோச்சாமாங்க. தறிய நிறுத்தச் சொல்லுதுங்க."

அந்த அம்மா நனைந்த நோட்டை மூடி வைத்தார். "பாப்பா பேசீட்டுத்தான் இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அங்கேயே அவரை ஏதாவது செய்துவிடலாம் போல இருந்தது. இவ்வளவும் தெரிந்தவர்கள், இந்த வகுப்பை என் மகள் பிறந்த அன்றே என் தலையில் கட்டியிருக்கக் கூடாதா? யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு ரேஷன் வரும், ஓட்டுக் கேட்க வருவார்கள். இதைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

மிச்ச வாரங்களும் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான். அவர் சொல்லிக்கொடுத்தபடி, சோறு போடுகிறேன், விளக்கைப் போடுகிறேன் என்று பைத்தியக்காரி மாதிரி வீட்டில் பேசிக்கொண்டே கிடந்தேன். இப்போது என் மகள் வாய் ஓய்வதில்லை. எல்.கே.ஜி. டீச்சர் அதைத்தான் குறையாகச் சொல்கிறார்.

வீட்டில் நான் கை ஓங்கும்போதெல்லாம் அவள் அந்த ஜாடையைக் காட்டியிருக்கிறாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து, கூடுதலாக ஒன்று போட்டிருக்கிறேன். தறிக்கூடத்தில் யார் அதைக் காட்டினாலும் அந்த நொடியே தறியை நிறுத்தியவள் நான்.