ரிங்லெட்டில் இறக்கிவிட்ட கண்டக்டர்

1976 மார்ச் 9, பகல் 1.20, தூறல். ரிங்லெட்டுக்குக் கீழே மலைப்பாதையில் பயங்கரவாதிகள் சுட்ட, தாப்பா போகும் பஸ்ஸில் என் மனைவியும் போயிருந்தாள். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான் போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். கட்டுப்போட்ட காதோடு கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். வாந்தி வரும் பெண்களுக்குக் கொடுப்பார்.

“அழாதீங்க லா, கிராணி ஐயா. அம்மா இன்னிக்கு ரொம்ப மயங்கிட்டாங்க, ரிங்லெட்லயே இறக்கிவிட்டுட்டேன். அவங்களுக்குத்தான் வளைவு ஒத்துக்காதே, தெரியாதா?”

தெரியாது. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் தெரியாது. அவள் பிழைத்த மகிழ்ச்சியையும் மீறி, அது அவருக்குத் தெரிந்திருந்ததே நெஞ்சை அறுத்தது. பழத்தை வாங்கும்போது அவரைப் பார்த்துச் சிரிப்பாளோ? இன்றுவரை கேட்கவில்லை.

அதன்பின் அவளை அந்தப் பஸ்ஸில் ஏறவிடவில்லை. டாக்ஸியும் அதே வளைவுகளில்தான் போனது. மூன்று வருடச் செலவு, அறுநூற்றுப் பதினெட்டு வெள்ளி ஐம்பது காசு.