வானம் வெளுத்த முதல் நாள்

எங்கள் தெருவில் வானிலை சொல்பவள் நான்தான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து பிழைக்கிறவர்களுக்கு மழைக்காலம் என்றாலே பயம்தான். வங்கக் கடலில் எங்கேயோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிளம்பினால் கடற்கரைக்காரர்கள் படகைக் கட்டுவார்கள், நாங்கள் அச்சுகளைக் கட்டி மூலையில் வைப்போம். ஈரம் ஏறிய அச்சில் ஊற்றிய மண்கூழ் இறுகாது. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் பலகையிலேயே நமத்துப்போய் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க போனில் மேகப் படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பேன். மழை எப்போது விடும், வாடைக்காற்று எப்போது அடிக்கும் என்று நான் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

மழை விட்டு, வானம் வெளுத்து, காய்ந்த வாடை அடிக்கத் தொடங்கினால் தெருவுக்கே முகம் மலர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கே பொம்மையை வெளியே வைக்க மாட்டோம். முதல் நாள் காற்று முரட்டுக் காற்று. மேலே சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, பொம்மையின் கழுத்தில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒரு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்து, மறுநாள்தான் பலகையை வாசலுக்கு எடுப்போம். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

என் தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். நடுக்கடலில் நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, கயிறு கொண்டுபோய்க் கொடுக்கிற சின்னப் படகு. கடல் என்றால் எங்களுக்கு, மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் சாமி கிள்ளைக் கடற்கரைக்குப் போகும்போது பின்னாலேயே போய் முழங்கால் நனைத்துவிட்டு வருவதுதான். அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது. பாஸ்போர்ட்டில் கடலூர் மாவட்டம் என்று பார்த்ததும், கடலில் பழகினவன் என்று ஏஜெண்டு எழுதிக்கொண்டான். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும் என்று அந்த மகராசனுக்கு யார் சொல்வது?

தினமும் காலையில் தம்பி அங்கிருந்து வானத்தைப் படமெடுத்து அனுப்புவான். "அக்கா, எப்படி இருக்குது?" என்று கேட்பான். கூட வேலை செய்கிறவர்களில் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, மண் பிசைகிற என்னைக் கேட்பான். நானும் பொம்மைக்குக் காது ஒட்டிக்கொண்டே பதில் சொல்வேன்.

அது தை மாதம். முந்தின நாள் முழுக்க அங்கே இடியும் மழையுமாகக் கொட்டியதில் படகு எதுவும் போகவில்லை. மறுநாள் காலை போன் செய்தான்.

"அக்கா, படகு ஓட்டுற சாரங்கு, வரியா இல்ல ரூம்லயே இருக்கியான்னு கேக்குறாரு. ஒடம்பு வேற ஒரு மாதிரி இருக்குது."

"மழை இருக்குதாடா?"

"இல்லக்கா. பளிச்சுன்னு இருக்குது. வடக்கேருந்து குளிர்காத்து பிச்சிக்கினு அடிக்குது. என்னவோ மனசு ஒப்பல."

படமும் அனுப்பினான். துடைத்துவிட்ட மாதிரி நீலம். எங்கள் தெருவே இரண்டு மாதம் தவம் கிடந்து வாங்குகிற வானம்.

"மழையே வுட்டுப் போச்சு, வாடையும் அடிக்குது. இதுக்கு மேல என்னா நல்ல நேரம் வேணும் ஒனக்கு? சும்மா ரூம்ல படுத்துக் கெடந்தா சோம்பேறின்னு பேராயிடும்டா. கெளம்பு."

"சரிக்கா. போயிட்டு வரேன்," என்றான்.

நான் போனை வைத்துவிட்டு யானைக்குத் தும்பிக்கை ஒட்டப் போனேன்.

கப்பலை ஒட்டிப் படகை நிறுத்தும்போது, ஓர் அலை படகைத் தூக்கிக் கப்பலின் மேல் அடித்திருக்கிறது. தம்பியின் இடது கால் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனோடு ரூமில் இருந்த ராமநாதபுரத்துக்காரர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். பிறகு அந்தக் கடலைப் பற்றியும் அவரே விளக்கினார். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாக இறங்கி வருமாம். வெதுவெதுப்பான காற்றோடு அது முட்டுகிற இடத்தில்தான் இடியும் மழையும். அது கடந்து போனதும் வானம் சுத்தமாகிவிடும். ஆனால் அதற்குப் பின்னால் வருகிற காய்ந்த காற்றுதான் கடலைக் கிளப்பும். ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை நெட்டுக்குத்தாக, மூச்சு விட இடம் கொடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

"மழையப் பாத்துப் பயப்பட வேணாம்மா. வானம் வெளுத்த அன்னைக்குத்தான் நாங்க இறங்க யோசிப்போம்," என்றார். அவனிடமும் அன்று காலை அதைச் சொல்லியிருக்கிறார். "அக்கா போகச் சொல்லிட்டாங்க" என்று இவன் கிளம்பிவிட்டான்.

ஊருக்கு வந்தவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். உசுரு இருக்குதே, அது போதும். எல்லாம் விதி. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியா அன்று காலை போனில் பேசியது? நான்தானே பேசினேன்? பேசியவளை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தக் கடலில் காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று தினமும் போனில் பார்க்கிறேன். யாருக்கு என்ன பிரயோசனம்? எங்கள் வீட்டு ஆள் யாரும் அங்கே இல்லை. தெருவில் யாராவது மழை விடுமா என்று கேட்டால், "போனைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி இப்போது என்னோடுதான் வேலை செய்கிறான். இந்தக் கார்த்திகையில் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்து, நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை வானம் வெளுத்துக் கிடந்தது. வாடை வாசல் கதவைத் தள்ளியது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பொம்மைப் பலகையை என் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, வெளிய வெச்சிடலாமா?"

"இன்னிக்கி வேணாம்டா. மொத நாள் காத்து. ஒரு நாள் போகட்டும்." யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

அவன் பலகையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பொம்மைக்கு மட்டும் ஒரு நாள் பொறுக்குற, இல்லக்கா?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பக்கத்திலிருந்த சாக்கை வாளியில் முக்கிப் பிழிந்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கி, ஒரு பொம்மையின் கழுத்துகூட வெளியே தெரியாதபடி போர்த்தினேன்.