முப்பத்தொன்றாம் பைப்

சென்ற புதன்கிழமை விழித்தபோது என் இரண்டு மணிக்கட்டிலும் கொப்புளங்கள்.

ஓய்வு நேரத்தில் மரத்தில் புகைபிடிக்கும் சிறிய பைப்புகள் செதுக்குபவன் நான் — இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நோட்டில் மரத்தின் பெயர், கிடைத்த இடம், காயவைத்த நாட்கள்... எல்லாம் கறுப்பு மையில். அடித்தல் திருத்தல் கிடையாது.

கடைசியாகச் செய்தது முப்பத்தொன்று. மாக் மண்டினில் ஒரு நாற்காலிப் பட்டறையின் கழிவுத் துண்டு. ஆழ்ந்த சிவப்பு, நடுவே கரிய வரிகள். என்ன மரம் என்று கேட்டேன். ரோஸ்வுட்டாக இருக்கலாம் என்றார் அங்கிருந்தவர். 'ரோஸ்வுட்' என்று எழுதிக்கொண்டேன். அவருடைய சந்தேகத்தை எழுதவில்லை.

கொப்புளத்துக்கு மரம்தான் காரணமோ என்று மிச்சத் துண்டோடு தெரிந்த தச்சர் ஒருவரிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இது ரெங்காஸ் அண்ணே. தூளு பட்டாலே புண்ணாகும். இதுலயா பைப் செஞ்சீங்க?"

தூளுக்கே இப்படியென்றால், புகைக்கு?

அந்தப் பைப் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே நண்பர் செல்வத்துக்குக் கொடுத்துவிட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சிகரெட்டைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது. மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செல்வம் எம்.சி. எடுத்து, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். உதடு தடித்து, ஒரு கண் பாதி மூடியிருந்தது. கிளினிக்கில் இறால் சாப்பிட்டீர்களா என்று கேட்டு ஒவ்வாமைக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பைப் மேசைமேல், சாம்பலோடு.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி பைப்பைத் துணியால் பிடித்தெடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"மொத நாளே எரிஞ்சிச்சி அண்ணே," என்றார் செல்வம். "புகையிலைதான் சரியில்லனு நெனச்சேன். பைப் மேல சந்தேகமே வரல லா. நீங்க நோட்ட காட்டித்தானே கொடுத்தீங்க."

ஆமாம், காட்டித்தான் கொடுத்தேன். பெருமையாக.

மிச்சத் துண்டோடு அவரை மறுபடி கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஆறிவிடும், நாளாகும் என்றார் டாக்டர். "அப்போ இறால் சாப்பிடலாம்," என்றார் செல்வம், வீங்கிய உதட்டால் சிரிக்க முயன்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊகத்தை நல்ல கையெழுத்தில் எழுதிவிட்டால் அது உண்மை மாதிரியே தோன்றிவிடுகிறது, இல்லையா? முதலில் நம்பிவிடுபவனும் எழுதியவன்தான்.

என்னிடம் பைப் வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நான்கு பேர் பாக்கி.

மரத்தின் பெயரை இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன்.